துண்டுக்குள் மோகனம்

கருக்கம்பாளையத்தில் முதல் பல் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் குப்பணனின் கீழ்த்தாடையில். அதுவும் முந்தின நாள் சாயங்காலம் ஓவிய வகுப்பில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக யானை மாதிரியே இருக்கிற ஒரு யானையை வரைந்து முடித்து, அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்கு. அறுபத்துமூன்று வயது ஈறு குறுகுறுவென்று அரித்தது, கண்ணாடியில் பார்த்தால் அரிசிமணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பல் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "பால் பல்லுங்க. ஜோராத்தான் வந்திருக்குது. ரெண்டு நாளைக்கு முறுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, "அந்த ட்ராயிங் க்ளாஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குமேல் ஏன் எதற்கு என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? எல்லோரும் மாட்டு மருந்துக் கடையின் மாடிப்படியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாடியில்தான் வகுப்புகள் நடந்தன, புதிதாக ஒன்று கற்றுக்கொண்டால் புதிதாக ஒரு பல். திங்கள் ஓவியம், செவ்வாய் இந்தி, புதன் கேக், வெள்ளி சனி கீபோர்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் இறங்கிப் போய்ப் பஞ்சாயத்துக் கிணற்றில் நீச்சல். ரிட்டையரான தலைமையாசிரியை ருக்மணியம்மா நீச்சல் கற்றுக்கொண்ட வாரத்தில் அவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு முளைத்தன, ஒன்று காலடிப்பதற்கு, ஒன்று மூச்சுப் பிடிப்பதற்கு என்று ஊர் கணக்குச் சொன்னது. டவுன் பஸ்ஸில் பால் பல்லைக் காட்டி அரை டிக்கெட் கேட்டவர்களுக்கும் கண்டக்டருக்கும் சண்டை வந்து, டிப்போவிலிருந்து ஆள் வந்து, வந்த ஆளும் கேக் வகுப்பில் சேர்ந்துவிட்டுப் போனார். தாத்தாக்களும் பேரன்களும் ஒரே ரஸ்க்கை மாற்றி மாற்றிச் சப்பினார்கள். கற்றுக்கொண்டது கைக்குப் பழகிப் பழசாகிவிட்டால் அந்தப் பல் ஆட ஆரம்பிக்கும், ஒருநாள் தானாக விழும். விழுந்ததைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு, அடுத்தது என்ன வகுப்பு என்று போர்டைப் பார்க்கப் போவார்கள். காலை ஆறு மணிக்கு ஊர் ஓடுகளின் மேல் டொக் டொக்கென்று விழுகிற சத்தத்தை வைத்தே, நேற்று எத்தனை பேருக்கு எத்தனை விஷயம் பழகிப்போனது என்று படுத்தபடியே சொல்லிவிடலாம்.

இதிலெல்லாம் ஒரே ஒரு மனுஷனுக்குத்தான் வயிறு எரிந்தது. அவர் தரகர் ராக்கியப்பன்.

ராக்கியப்பனுக்கு வயது அறுபத்தொன்று. வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில் நாற்பத்தைந்து வருஷமாகத் தரகு. மாட்டின் கீழுதட்டைக் கட்டை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். பால் பல் கன்றா, ரெண்டு பல்லா, ஆறு பல்லா, எட்டும் சேர்ந்து தேய ஆரம்பித்ததா என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். மனுஷன் பொய் சொல்லுவான், சாணி பொய் சொல்லும், மடிகூடப் பொய் சொல்லும், பல் சொல்லாது என்பதுதான் அவர் பிழைப்பு, அதுதான் அவர் சாமி. அப்படிப்பட்டவர் டீக்கடையில் குப்பணனைப் பிடித்து நிறுத்தி, வழக்கம்போல உதட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஆடிப்போனார்.

"யோவ், உனக்கு ஆறு மாசம்யா வயசு!"

"ஆமாண்ணா," என்றார் குப்பணன் வாயைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் அப்படித்தான் தோணுது."

ராக்கியப்பனின் வாயில் கீழ்வரிசை முன்பல் மூன்று கிடையாது. முப்பத்துநாலு வயதில் ஒரு மயிலைக்காளை தலையைத் திருப்பிய திருப்பில் போனது. மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டார். பதினாலு வயதில், வயசை மறைக்க அரம் போட்டு ராவிய பல்லைப் பார்த்து ஏமாந்து ஒரு கிழட்டு எருதை வாங்கி அப்பனிடம் தோல் உரிய வாங்கிக் கட்டிக்கொண்டார், பல் பார்க்கக் கற்றுக்கொண்டார். எழுதாத தாளில் கைநாட்டு வைத்து விளைகிற ஒரு காட்டையே இழந்தார், எழுத்துக் கற்றுக்கொண்டார். அவர் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் உடம்பிலிருந்தோ மடியிலிருந்தோ ஒன்று போயிருந்தது. இங்கே என்னடாவென்றால் ஒருத்தன் யானை வரைகிறான், போன பல் திரும்பி வருகிறது! இது எந்த ஊர் நியாயம்? சந்தையில் அந்த ஓட்டையை மீசையாலும் துண்டாலும் மறைத்து மறைத்து, இருபத்தேழு வருஷமாக அவர் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை.

அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து தட்டில் கையை வைத்தவர், சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி பொன்னாத்தாள் எதற்கோ சிரித்ததைப் பார்த்தார். இடது ஓரத்தில், போன தைக்கு விழுந்த கடைவாய்ப் பல் இருந்த இடத்தில், வெள்ளையாக ஒன்று மினுங்கியது.

"ஏ புள்ள! இது எப்ப?"

"அது ஆச்சுங்க, இருவது நாளு. கீபோர்டு க்ளாசுக்குப் போறேன்னு சொன்னேனே. நீங்க 'ம்'ன்னு சொன்னீங்க."

"நான் எங்க 'ம்'ன்னு சொன்னேன்?"

"நீங்க எதுக்குத்தான் 'ம்'ன்னு சொல்லல? அன்னைக்கு ஏதோ ஒரு மாட்டுச் சோடியை மனசுல நடக்கவெச்சுப் பாத்துட்டிருந்தீங்க."

பொன்னாத்தாளின் இடது மணிக்கட்டு, என்றைக்கோ ஒரு கன்றின் கயிறு சுற்றி முறிந்து கோணலாகச் சேர்ந்தது. அந்தக் கை விரல்கள் விரியாது. அதனால் வலது கையால் மட்டும் வாசிக்கிறாள் என்றும், இந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவும் சந்தையும் ஒரே வியாழக்கிழமையில் வருகிறதென்றும், காலை பத்து மணிக்குச் சந்தை மேடையில் வகுப்பில் இருக்கும் எல்லோரும் வாசிக்கப்போகிறார்கள் என்றும், இவளுக்கு இன்னொரு கையாகப் பக்கத்தில் உட்கார்ந்து குப்பணன் வாசிப்பதாக ஏற்பாடு என்றும் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எதுக்கு அந்த யானைக்காரன்? நான் இல்லையா?"

"அவருக்கு இப்ப நாலு பல்லுங்க," என்றாள் பொன்னாத்தாள். "உங்களுக்கு?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நோம்பிக்கு மூன்று வாரம் இருந்தது.

கீபோர்டு டீச்சர் ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மாடிப்படி அதிர ஏறிவந்த ஆளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ருக்மணியம்மா, குப்பணன், பல் டாக்டர், பொன்னாத்தாள் உள்பட ஏழு பேர் ஏழு கீபோர்டுகளுக்குப் பின்னால் இருந்தார்கள்.

"டீச்சரம்மிணி, சுத்தி வளைக்காமப் பேசலாம். ஒரு பல்லுக்கு எத்தனை பாட்டு?"

"பல்லு நான் குடுக்கறதில்லைங்க ஐயா. பாட்டுதான்."

"சரி, பாட்டையே பேசுவோம். எத்தனை இருக்குது அதுல?"

"ஸ, ரி, க, ம, ப, த, நி. ஏழு ஸ்வரம்."

"ஏழா!" ராக்கியப்பன் நெற்றியைச் சுருக்கி, கிழட்டு மாட்டுக்குக் கன்று விலை கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏழை வெச்சு நான் என்ன பண்றது? மூணுக்கு முடிச்சுக்குங்க."

"மூணுல ஒண்ணும் ஆகாதுங்க ஐயா."

"மூணரை."

"ஐயா!"

"நாலு. கட்டாதுன்னா சொல்லீருங்க, இறங்கிப் போயிட்டே இருக்கேன்." போகவில்லை, இரண்டு படி இறங்கினார், நின்றார், திரும்பினார். "கடைசியாச் சொல்றேன், அஞ்சு. அதுக்கு மேல ஒரு ஸ்வரம் வாங்க மாட்டேன்."

ஜெசிந்தா வாயைக் கையால் மூடிக்கொண்டு யோசித்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, கணக்குப் போடுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. "சரிங்க ஐயா, அஞ்சுக்கே முடிச்சுக்கலாம். 'ம'வும் 'நி'யும் போயிட்டா மீதி மோகனம். நல்ல ராகம். கைக்கு அஞ்சு வெரலு, வெரலுக்கு ஒண்ணு."

"ஏமாத்தலையே?"

"மாரியாத்தா சத்தியமா இல்லீங்க," என்றாள் ஜெசிந்தா, கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு.

வகுப்பே கை தட்டியது. இரண்டு ஸ்வரத்தை அடித்துப் பேசிக் குறைத்த பெருமையில் ராக்கியப்பன் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தோடு அவருடைய நல்ல நேரம் முடிந்தது.

நாற்பத்தைந்து வருஷம் மாட்டுக்கயிறு பிடித்த அந்த விரல்கள், ஏழு ஜோடிக் கண்களுக்கு முன்னால் கீபோர்டில் வைத்ததும், முதல் நாள் நுகம் வைத்த காளையைப் போலக் கழுத்தைக் கொடுக்க மறுத்தன. 'ரி' என்று டீச்சர் சொன்னால் 'க' அலறியது. 'ப' என்றால் இரண்டு மூன்று சேர்ந்து ஓலமிட்டன. "இது சண்டிக் கீபோர்டு, வேற மாத்துங்க!" என்றார். மாற்றினார்கள். அதுவும் சண்டித்தனம் பண்ணியது. மூன்றாவதையும் மாற்றியபோது ருக்மணியம்மா, "தரகரே, அமுக்கோணும், மிதிக்கக் கூடாது" என்று சொல்ல, எல்லோரும் சிரிக்க, ராக்கியப்பன் ஸ்டூலை எட்டி உதைத்துவிட்டு, "பல்லுமாச்சு மண்ணுமாச்சு!" என்று கத்திக்கொண்டு இறங்கினார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதேபோல உதைத்தார், அதேபோல இறங்கினார். தினமும் கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்தார். ஓட்டைதான் இருந்தது. நோம்பிக்குப் பத்து நாள்.

அன்றைக்கு மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கட்டில் சட்டத்தின் மேல் பொன்னாத்தாள் வலது கை விரல்களை ஓட்டி ஓட்டி வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

"அதுல உனக்கு என்ன புள்ள கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்கறதில்லீங்க."

"பின்ன எதுக்குப் போற?"

பொன்னாத்தாள் விரலை நிறுத்தினாள். "வெள்ளிக்கெழமை வந்தா காலு தானாப் படி ஏறுதுங்க மாமா. தப்பா வாசிச்சா எல்லாருக்கும் சிரிப்பு வருது, எனக்கும் வருது. அப்புறம் மறுக்கா வாசிக்கறேன். யாரும் அடிக்கறதில்ல, யாரும் பிடுங்கிக்கறதில்ல. எனக்கு அதுவே புதுசா இருக்குது."

"தப்புப் பண்ணினா நட்டமே இல்லைங்கறயா?"

"இல்ல."

"அப்படியொரு சந்தை எங்கடி இருக்குது?"

"மருந்துக்கடை மாடியில," என்றாள். "ரெண்டு தடவை போயி ஸ்டூலை உதைச்சுட்டு வந்தீங்களே, அங்கதான்."

வெள்ளிக்கிழமை அவர் போனது பல்லுக்காகவா, குப்பணன் மேலிருந்த காய்ச்சலுக்காகவா, அவள் சொன்ன அந்த நட்டமில்லாத சந்தையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்றா, அவருக்கே தெரியாது. உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்தார்கள். விரல்கள் விறைத்தன. கழுத்து நரம்பு புடைத்து, கால் ஸ்டூலைத் தேட ஆரம்பித்த அந்த நொடியில், பொன்னாத்தாள் எழுந்து வந்து, அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, கைகளும் கீபோர்டும் தெரியாதபடி மேலே போர்த்தினாள்.

துண்டு என்றால் சும்மா துண்டில்லை. சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்குள் கை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, இரண்டைச் சேர்த்து அமுக்கினால் இவ்வளவு, உள்ளங்கையைச் சுரண்டினால் கட்டாது. முகம் கல் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே விரல்கள் கெஞ்சும், மிரட்டும், கோபித்துக்கொள்ளும், சமாதானமாகும். நாற்பத்தைந்து வருஷமாக ராக்கியப்பனின் விரல்கள் பேசியதெல்லாம் அந்த இருட்டுக்குள்தான். வெளிச்சத்தில் அவற்றுக்கு வாய் வராது. துண்டு விழுந்ததும் அவருடைய தோள் இறங்கியது, முகம் கல்லானது, பார்வை தானாக ஜன்னலுக்கு வெளியே வானத்துக்குப் போனது, உள்ளே விரல்கள் கண் திறந்தன.

ஸ. ரி. க. ப. த.

'த'வுக்கு மேலே போகத் தெரியாமல் விரல் தயங்கியபோது, துண்டுக்குள் இன்னொரு கை நுழைந்தது. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருந்தும் பொன்னாத்தாளின் கை அந்தத் துண்டுக்குள் வந்ததில்லை. அது சந்தைச் சமாச்சாரம், ஆம்பிளைச் சமாச்சாரம். அவள் அவருடைய நடுவிரலைப் பிடித்து 'க'வில் ஓர் அமுக்கு அமுக்கினாள். அவர் விடுவாரா? 'ப'வுக்கு ஏறினார். அவள் 'ரி'க்கு இறக்கினாள். அவர் 'த' என்றார். கட்டாது என்று அவள் உள்ளங்கையைச் சுரண்டினாள். அவர் கெஞ்சி இறங்கி வந்தார். இருவர் முகமும் கல்லாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, துண்டு மட்டும் உள்ளே முயல் புகுந்தது போலக் குதிக்க, அந்த மாடி முழுக்க மோகனம் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கடைசியில் இரண்டு பேருக்கும் கட்டுபடியாகிற ஒரு 'ஸ'வில் வந்து படுத்தது.

"முடிஞ்சுது," என்றாள் பொன்னாத்தாள், சந்தை பாஷையில்.

குப்பணன் எழுந்து நின்று, "அண்ணா, அந்த எடம் உங்களுக்குத்தான். நான் யானைக்கே போயிக்கறேன்" என்றார்.

அப்புறம் ராக்கியப்பனைப் பிடிக்க முடியவில்லை. கட்டில் சட்டத்தில் வாசித்தார், சாப்பாட்டுத் தட்டில் வாசித்தார், பசுவின் முதுகில் வாசித்தார், பசு கூடுதலாகப் பால் கொடுத்தது. "ஏ புள்ள, எந்திரி, அந்த ரெண்டாவது அடி வந்துடுச்சு!" என்று விடிவதற்குள் அவளை எழுப்பினார். கண்ணாடி ஆணியில் சும்மா தொங்கியது, அதன் முன்னால் போய் நிற்கவேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

நோம்பி வியாழக்கிழமை. ஒரு பக்கம் முந்நூறு மாடு, ஒரு பக்கம் தீர்த்தக்குடம், நடுவில் மேடை. ருக்மணியம்மா ஒன்று வாசித்தார், டாக்டர் ஒன்று வாசித்தார், அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். முதல் அடி முடிவதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. நாச்சிமுத்து, முப்பது வருஷமாக ராக்கியப்பனுக்கு எதிர்த் தரகர்.

"துண்டை எடுய்யா! உள்ள எல்லாம் அந்தம்மா வாசிக்குது, இவரு சும்மா கையை வெச்சுட்டிருக்கறாரு! ராவுன பல்லு, ராவுன பல்லு!"

சந்தையே சிரித்தது. "எடுங்க! எடுங்க!" என்று கூட்டம் கத்தியது. ராக்கியப்பனுக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. எழுந்தார், ஸ்டூல் சாய்ந்தது. குதித்து இறங்கிச் சட்டையைப் பிடிக்கத்தான் எழுந்தார். துண்டுக்குள் அவர் விட்டுப்போன இடத்தில், 'க'வின் மேல், பொன்னாத்தாள் தன் ஒரு விரலை மட்டும் வைத்து லேசாக அமுக்கினாள். அவர் பதிலுக்காகக் காத்திருக்கும் ஸ்வரம் அது.

அவர் நின்றார். ஸ்டூலை நிமிர்த்தினார், உட்கார்ந்தார். துண்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரே உருவாக உருவி, கூட்டத்துக்குள் வீசினார்.

வெயில் விரல்களின் மேல் விழுந்தது. முதல் ஸ்வரமே தப்பு. அப்படியொரு தப்பு, மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த எருமை ஒன்று பதில் குரல் கொடுத்தது. ஆயிரம் பேருக்கு முன்னால், தன் மாட்டுச் சந்தையில், தன் எதிரிக்கு முன்னால், ராக்கியப்பன் தப்புப் பண்ணினார். அடி விழக் காத்திருந்தார். விழவில்லை. உடம்பிலிருந்து எதுவும் போகவில்லை, மடியிலிருந்தும் போகவில்லை. எருமை மறுபடி கத்தியது. அவருக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, இருபத்தேழு வருஷத்து மீசையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து, ராக்கியப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுக்கா வாசித்தார். மறுபடி தப்பு. இன்னொரு தடவை. இந்த முறை விரல் 'ப'வைப் பிடித்துக்கொண்டது, பொன்னாத்தாள் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள், பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க இரண்டு கையும் பேரம் பேசிக்கொண்டே மேலே ஏறின.

அந்தத் திறந்த வாயை மேடைக்குக் கீழே நின்று முதலில் பார்த்தது நாச்சிமுத்துதான். தொழில் பழக்கம் விடுமா? திட்ட வாயெடுத்தவர், தன்னை அறியாமல், சந்தையில் பல் பார்த்துக் கூவுகிற குரலில் கூவினார்:

"கன்னு! பால் பல்லுக் கன்னு! ரெண்டு முளைச்சிருக்குது, மூணாவது எட்டிப் பாக்குது!"

அதைக் கேட்டு ராக்கியப்பன் நாக்கால் தடவிப் பார்த்தாரா என்றால், இல்லை. அப்போது அவர் ஒரு கடினமான இடத்தில் இருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை சந்தையில் ஒரு ஜோடி செவலைக் காளைக்கு ராக்கியப்பனும் நாச்சிமுத்துவும் துண்டுக்குள் கைவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு விட்ட கை. ஒன்பதாச்சு, பத்தாச்சு. இரண்டு பேர் முகமும் கல்லாக வானத்தைப் பார்த்தது, துண்டு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்ற தரகர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று, தங்கள் தொடையில் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். காளைக்காரர் கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்துப்போய், "ஏனுங்க, வெலை என்னதான் ஆச்சுங்க?" என்று கேட்டேவிட்டார்.

"சித்தெ பொறுப்பா," என்று சீறினார் நாச்சிமுத்து, ஈறு குறுகுறுக்க. "எனக்கு இப்பத்தான் 'ப' வந்திருக்குது!"